எண்பது படி

அத்தை எந்த ஊரைப் பற்றியும் நாம் அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுவார். தொடங்கும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான். "நீ நெனைக்கிற மாதிரி இருக்காது."

நான் ஏழாவது படிக்கும்போது வைகை அணைக்குச் சுற்றுலா போனோம். எங்கள் பள்ளியின் தலைமையாசிரியை அவர்தான். பேருந்து நின்றதும் யாரையும் இறங்க விடாமல் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"டேம்னா அருவி மாதிரி கொட்டும்னு நெனைச்சு வந்திருப்பீங்க. அப்படியெல்லாம் இருக்காது. ஒரு சொவரு. அந்தப் பக்கம் தண்ணி, இந்தப் பக்கம் பூங்கா. அம்புட்டுத்தான்."

கடைசி இருக்கையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "அப்ப எதுக்கு டீச்சர் எறங்கணும்?"

"பாத்ரூம் போக வேணாமா? எறங்கு."

இறங்கினோம். ஒரு சுவர் இருந்தது. அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது, இந்தப் பக்கம் பூங்கா இருந்தது. வேறு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மறுநாள் கட்டுரை நோட்டில் வகுப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரே பத்தியை எழுதியிருந்தோம். அத்தை எல்லாவற்றுக்கும் 'நன்று' போட்டார்.

அவர் என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளித் தனியாக இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கு அவர் 'பெரிய டீச்சர்'தான். விறைப்பாகக் கஞ்சி போட்ட பருத்திப் புடவை, இடது கையில் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம், மூக்கு நுனியில் கண்ணாடி. பிறர் பேசும்போது கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் பேசுகிறவர் தன் வாக்கியத்தைத் தானே சந்தேகிக்கத் தொடங்குவார்.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு டீச்சர் முதல் ஞாயிற்றுக்கிழமையே மலைக்கோட்டைக்கு ஏறிவிட்டு வந்து உற்சாகமாகச் சொன்னார். "மேல நின்னா ஊரே தெரியுது டீச்சர்."

அத்தை அந்தப் பாறையில் ஒருநாளும் ஏறியதில்லை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஊரு தெரியும். ஆனா பாக்குறதுக்கு ஒன்னும் இல்லல்ல?"

அந்த டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா டீச்சர். ஒன்னும் இல்ல" என்றார்.

நல்லதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் என்று எந்த விண்ணப்பமானாலும் அத்தைதான் நிரப்பித் தருவார். ஒரு எழுத்து அடித்தல் இருக்காது. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். நான் கோயம்புத்தூர் விடுதிக்குக் கிளம்பியபோது பத்து விஷயம் சொல்லி அனுப்பினார். போய்ப் பார்த்தேன், ஒன்பது சரி. அவரோடு வாழ்வதில் இருந்த சிரமமே அதுதான்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். லூர்து மாதா திருநாளன்று பிறந்ததால் லூர்து மேரி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதில் முடக்குவாதம் வந்தது. முதலில் விரல்கள், பிறகு முழங்கால்கள். தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடி, அதன்மேல் மாதா படத்தை வைத்தோம். பாறைக் குகைக்குள் வெள்ளை அங்கியும் நீல இடைக்கச்சையுமாக நிற்கும் படம். தன் பெயருக்குரிய அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பங்குக் கோயிலிலிருந்து திருயாத்திரைக்கு ஆள் சேர்த்தார்கள். பிரான்சுக்கு, லூர்து நகருக்கு. குறைந்த இடங்கள்தான். அப்பா அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டார். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை அத்தை நிரப்பித் தந்தார். அம்மா சொல்லச் சொல்ல, கொண்டுபோக வேண்டியவற்றை நான் ஒரு நோட்டில் எழுதினேன். பருத்திப் புடவை ஐந்து. காலுறை இரண்டு ஜோடி. எலுமிச்சை ஊறுகாய். முட்டிக்குப் போடும் தைலம். ஜெபமாலை. மாதாவுக்குச் சாத்த ஒரு முழம் மல்லிகை என்று எழுதச் சொல்லி, பிறகு அவளே "வாடிப் போயிரும்ல, அடிச்சிரு" என்றாள்.

அம்மா ஒவ்வொரு நாளும் அந்தக் கெபியைப் பற்றி ஏதாவது கேட்பாள். மாதா நிற்கும் குகையைத்தான் நாங்கள் கெபி என்போம். "அங்கயும் தண்ணிக் குழாய் வலது பக்கம்தான் இருக்குமா?" "நம்ம கெபி மாதிரி கம்பிக் கேட்டு போட்டிருப்பாகளா, கிட்டக்கப் போய்த் தொடலாமா?" எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அவள் மனத்துக்குள் ஒரு கெபி முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு, முதல் பூசை முடிந்து அத்தை வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம்.

"லூர்து, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத. நீ நெனைக்கிற மாதிரி இருக்காது."

"எது மதினி?"

"கெபிதான். நம்ம கோயில் கெபிக்கு எத்தனை படி?"

"இருபத்தொன்னு."

"அந்த இருபத்தொன்னுக்கே நீ கீழ நின்னு கும்பிட்டுட்டு வந்துர்ற. இது காப்பி. அசலுக்கு எம்புட்டு இருக்கும்? அது மலை ஊரு. எம்பது படிக்குக் கொறையாது."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எங்கள் பங்கில் லாரி லாரியாகக் கல் கொட்டி, சிமென்ட் பூசி, குன்று மாதிரி செய்து உச்சியில் கெபி கட்டியிருந்தார்கள். அம்மாவின் கிராமத்திலும் அப்படித்தான். பழனிக்குப் போனாலும் படி. சாமி என்றால் மேலே இருக்கும், ஏறித்தான் பார்க்க வேண்டும் என்பதில் எங்கள் ஜில்லாவில் யாருக்கும் மதவேறுபாடு கிடையாது. நகலுக்கு இருபத்தொன்று என்றால் அசலுக்கு எண்பது. அந்தக் கணக்கு அப்பாவுக்கும் சரியாகப் பட்டது. எனக்கும் பட்டது.

"பாதி வழியில நீ ஒக்காந்துட்டேன்னா கூட வந்தவுக எல்லாம் ஒனக்காக நிக்கணும். அவுகளும் ஏதாச்சும் நேந்துக்கிட்டு வந்திருப்பாக, பாவம்."

அம்மா தன் முழங்கால்களைப் பார்த்தாள். "நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது மதினி" என்றாள்.

அப்பா கேட்டார். "அப்ப பேரு? ஃபாதர்ட்ட குடுத்தாச்சேக்கா."

"வீணா எதுக்குப் போகணும் தம்பி? நான் போயிட்டு வாரேன். இவளுக்காக அங்க முட்டி போட்டு வேண்டிக்கிறேன்."

போவதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். அத்தையிடம் இருந்தது. அம்மாவுடைய விண்ணப்பத்தை நிரப்பிய அதே வாரம் தன்னுடையதையும் நிரப்பியிருந்தார். இதை நான் கவனித்தது பல வருடம் கழித்து, இரண்டு பாஸ்போர்ட்டுகளும் ஒன்றாகக் கையில் கிடைத்து, வழங்கிய தேதிகளைப் பார்த்தபோது. ஆனாலும் இதுவரைக்கும் நடந்ததற்கு நான் அவரைத் தண்டிக்க நினைக்கவில்லை. ஆசைப்பட்டார். பார்க்காத இடத்தைப் பற்றி ஊகித்தார், ஊகம் தவறிப்போனது. என் கணக்கு அவர் திரும்பி வந்த நாளில்தான் தொடங்குகிறது.

வந்த அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. அம்மாவால் தரையில் உட்கார முடியாது. வாசல் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். அத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். அங்கே ரொட்டி செங்கல் மாதிரி இருக்கும். குழாய்த் தண்ணீர் பல்லைக் கூசவைக்கும். கோயிலுக்குப் போகும் தெரு முழுக்க பழனி அடிவாரம் மாதிரி கடை. வெயில் அடிக்கும்போதே மழை வரும். எல்லோரும் சிரித்தார்கள், வியந்தார்கள். ஒரு இடைவெளியில் அம்மா கேட்டாள்.

"மதினி, படி?"

அத்தை காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். அந்த ஒரு மடக்கின் நேரம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

"எம்பதுக்கு மேலயே இருக்கும் லூர்து. நானே மூணு எடத்துல நின்னு நின்னுதான் ஏறுனேன்."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நல்ல வேளை. நீங்க சொல்லாட்டி நான் போயி அசிங்கப்பட்டு நின்னிருப்பேன்" என்றாள்.

அத்தை அம்மாவுக்கு ஒரு பாட்டில் தீர்த்தம் கொண்டுவந்திருந்தார். மாதா உருவத்திலேயே செய்த பாட்டில், கிரீடம்தான் மூடி. அதிலிருந்து விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து அம்மா தினமும் இரண்டு முழங்காலிலும் தடவிக்கொள்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வாள்: "எம்பது படி ஏறி எங்க மதினி எனக்காக எடுத்துட்டு வந்தாங்க." நன்றிக்காக ஞாயிறுதோறும் தூக்குவாளியில் கறிக்குழம்பு அத்தை வீட்டுக்குப் போகும். ஊரில் இருந்தவரை கொண்டுபோனது நான். அத்தை மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். "ஒங்கம்மா கை வலியோட எதுக்கு இதெல்லாம்?" என்பார். பிறகு வாங்கி வைத்துக்கொள்வார்.

நான்கு வருடம் இது நடந்தது. அந்த நான்கு வருடத்தில் இன்னொரு முறை திருயாத்திரைக்கு ஆள் சேர்த்தார்கள். அம்மா பெயர் கொடுக்கவில்லை. அத்தை எதுவும் சொல்லவில்லை. நான் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அம்மா இதய நோயில் இறந்தாள். ஏழு நாள் ஜெபமாலையை அத்தைதான் முன்னின்று சொன்னார்.

படிப்பு முடிந்து பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தேன். விமான உதிரி பாகங்களை அளந்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, தேறியது தேறாதது என்று குறிக்கும் வேலை. நாலாவது வருடம் பயிற்சிக்காக எட்டு வாரம் பிரான்சுக்கு அனுப்பினார்கள். துலூஸ் நகரம். அங்கிருந்து லூர்துக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான் என்று வரைபடத்தில் பார்த்தபோது, போகாமல் இருக்க முடியாது என்று தெரிந்தது.

கிளம்புவதற்கு முன் ஃபோனில் ஒரு பட்டியல் போட்டேன். ரொட்டி. தண்ணீர். கடைகள். மழை. படி. அத்தை சொன்னவை அவ்வளவும் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் ஒப்பிட்டு, அம்மா பார்க்க முடியாததை அவளுக்குப் பதிலாகப் பார்த்துவிட்டு வருவதுதான் எண்ணம். அந்தக் காலையில் எனக்கு அத்தை மேல் எந்தக் கோபமும் இல்லை. காலணிகூட எண்பது படியை மனத்தில் வைத்துத்தான் போட்டேன்.

ரொட்டி கடினமாகத்தான் இருந்தது. கடைகள் பழனி அடிவாரம் மாதிரியே இருந்தன. முருகன் இருக்க வேண்டிய இடத்தில் மாதா, விபூதி இருக்க வேண்டிய இடத்தில் மெழுகுவர்த்தி. வெயிலோடு மழை வந்தது. எதிர்பார்த்த ஊர் எதிர்பார்த்தபடியே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. மறுபடியும் வைகை அணையில் இறங்கியது போல இருந்தது.

கோயில் வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டவை சக்கர வண்டிகள். மூன்று சக்கரம், தலைக்கு மேல் நீல நிறத்தில் மடிப்புக் கூரை, முன்னால் பிடித்து இழுக்க ஒரு கம்பி. ஒன்றிரண்டு இல்லை. வரிசையாக வந்துகொண்டே இருந்தன. சாலையில் அவற்றுக்கென்று தனித் தடம் போட்டிருந்தார்கள். இழுத்துப் போனவர்கள் தொண்டர்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் நடக்க முடியாதவர்கள். அவர்கள்தான் அங்கே முதல் ஆட்கள். நடக்க முடிந்த நாங்கள் ஓரமாக நின்று வழி விட்டோம்.

ஒரு தொண்டர், ஐம்பது வயதிருக்கும், வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தன் மணிக்கட்டைத் தேய்த்துக் காட்டினார். கொஞ்சம் இழுக்கிறாயா என்று சைகையில் கேட்டார். வண்டிக்குள் ஒரு மூதாட்டி. போர்வைக்கு மேல் வைத்திருந்த கைவிரல்கள் அம்மாவின் விரல்களைப் போலவே ஒரு பக்கமாக வளைந்திருந்தன. கம்பியைப் பிடித்து இழுத்தேன். வாசலிலிருந்து திடல், திடலிலிருந்து கோயில் வளைவு, வளைவைச் சுற்றி ஆற்றங்கரை. கண்ணை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கே படி வரும் என்று தேடினேன். வரவில்லை. தலையை நிமிர்த்தியபோது கெபிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பதினோரு நிமிடம். ஒரு படிகூட இல்லை. பாறைக்கு மேலே இருக்கும் கோயிலுக்குப் படி உண்டு. அதற்கும் பக்கத்தில் சரிவுப் பாதை இருக்கிறது. கெபி ஆற்றங்கரையில், எங்கள் வீட்டுக் கூடம் போன்ற சமதரையில் இருக்கிறது. கிட்டப் போய்ப் பாறையைத் தொடலாம். அந்த மூதாட்டி தொட்டார். உள்ளங்கை ஈரமாகியது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

நான் செபிக்கவில்லை. வந்த வழியே வாசலுக்குத் திரும்பி, மறுபடியும் கெபிவரை நடந்தேன். ஒரு அளவு தவறாக வந்தால் இன்னொரு முறை அளக்காமல் எழுதக் கூடாது. இரண்டாவது முறையும் பூஜ்யம். குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். பல் கூசியது. ஐந்தில் நான்கு சரி. எங்கள் வேலையில் முழுக்கத் தவறான அறிக்கையால் யாருக்கும் ஆபத்து இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்து ஒன்று மட்டும் தவறாக இருக்கும் அறிக்கைதான் ஆளைக் கொல்லும்.

ஊகித்துச் சொன்னதை மன்னித்திருப்பேன். ஆனால் அவர் இங்கே வந்து நின்றிருக்கிறார். இந்த வண்டிகளுக்கு வழி விட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கிறார். அம்மாவைப் போன்றவர்களுக்காகவே இருக்கும் ஊர் இது என்று தெரிந்துகொண்டு, விமானம் ஏறி வந்து, ஒரு மடக்குக் காப்பி குடித்துவிட்டு எண்பதுக்கு மேலே என்றிருக்கிறார். அதன் பிறகு நான்கு வருடம் குழம்பு வாங்கியிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் அத்தை வீட்டுக்குப் போனேன். டிவிக்கு மேலே சட்டம் போட்ட புகைப்படம். லூர்து கெபிக்கு முன்னால் அத்தை, இடுப்புக்கு மேல் மட்டும். இடது ஓரத்தில் நீலமாக, குடை விளிம்பு போல, ஒரு வளைவு பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும். அம்மா ஒருமுறை அதைக் காட்டி, "இது யாரு கொடை மதினி?" என்று கேட்டது எனக்கு நினைவு வந்தது. "எவளோ வெள்ளைக்காரி கொடை" என்றிருந்தார் அத்தை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வண்டியின் கூரை. சாட்சி அத்தனை வருடமும் சுவரில்தான் தொங்கியிருக்கிறது.

"லூர்துக்குப் போயிருந்தியாமே பாப்பா. எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் அத்தை. முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே இருந்துச்சு அத்தை."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். முதல் முறையாக அவர்தான் கண்ணைத் தாழ்த்தினார். தட்டில் இன்னொரு முறுக்கு வைத்தார்.

அன்றைக்கே கேட்டிருந்தால் "எனக்கு ஞாபகம் இல்ல பாப்பா" என்று முடித்திருப்பார். அது எனக்குப் போதாது. உண்மையைச் சொல்வது அவருக்கே தேவைப்படும் ஒரு இடம் வரட்டும் என்று காத்திருந்தேன். இரண்டு வருடம் ஆனது. ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அவருக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குள் அத்தையின் முழங்கால்கள் போய்விட்டன. கைத்தடி வந்தது. பூசைக்கு ஆட்டோவில் போனார். அந்த வருடம் எங்கள் பங்கில் மறுபடியும் திருயாத்திரை அறிவித்தார்கள். எங்கள் தெருக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி செபிப்போம், அன்பியக் கூட்டம் என்று பெயர். அந்த மாதம் எங்கள் வீட்டில். நான் விடுமுறையில் வந்திருந்தேன். செபம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது அன்பியத் தலைவி செலின் அக்கா நோட்டைத் திறந்தார்.

"லூர்து யாத்திரைக்கு நம்ம தெருவுக்கு ரெண்டு எடம். யாரு பேரு எழுதட்டும்?"

"ஒன்னுல என் பேரைப் போடு செலின்" என்றார் அத்தை. அம்மா உட்கார்ந்த அதே வாசல் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். "இந்த முட்டிக்கு ஒரு வழி கேட்டுட்டு வாரேன். சாகுறதுக்குள்ள இன்னொருக்கா அவ முன்னாடி போயி நிக்கணும்."

அதுவரை அவர் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று அவர் குரல் ஆசைப்பட்டுக் கேட்பவருடையதாக இருந்தது.

செலின் அக்கா தயங்கினார். "டீச்சர், ஒங்களால முடியுமா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ போயிட்டு வந்தவளாச்சே. நீயே சொல்லு."

நான் சுண்டல் கிண்ணத்தைச் செலின் அக்கா கையில் கொடுத்தேன். "எம்பது படி இருக்கேக்கா" என்றேன்.

"ஆமால்ல. டீச்சர், நீங்கதான அந்தக் காலத்துலயே சொன்னீங்க? நின்னு நின்னு ஏறுனேன்னு."

கூடம் முழுவதும் அத்தையைப் பார்த்தது. இல்லை, படி கிடையாது, தரைதான் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் பெயர் நோட்டில் ஏறும். அவரை நீலக் கூரை வண்டியில் உட்காரவைத்து நானே கெபிவரை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். உண்மையாகவே போயிருப்பேன். அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால், இந்தத் தெருவின் முன்னால், அம்மாவின் நாற்காலி இருந்த இடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை அத்தை சொல்ல வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

அத்தை என்னை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக இல்லை, கண்ணாடி வழியாக. பிறகு கைத்தடியை எடுத்து மடியில் குறுக்காக வைத்துக்கொண்டார்.

"ஆமா. எம்பது" என்றார். "என் பேரு வேணாம். வேற யாருக்காவது குடு."

மறுநாள் காலையில் செலின் அக்காவுக்கு ஃபோன் செய்து, கெபிக்குப் படியே கிடையாது, நடக்க முடியாதவர்களைத் தாராளமாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டேன். "அப்ப டீச்சர் சொன்னது?" என்று கேட்டார். "அவங்க போயி ரொம்ப வருசமாச்சுல்லக்கா" என்றேன். டீச்சரிடம் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தவறான அளவு யாருக்குப் போக வேண்டுமோ அவருக்கு மட்டும்தான் போக வேண்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய மாலையில் நடந்தது. கூட்டம் கலைந்து அத்தையை வாசல்வரை பிடித்துக்கொண்டு போனேன். நான்கு வீடுதான் என்றாலும் ஆட்டோ வந்து நின்றிருந்தது. ஏறாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா. ஒங்கம்மாவுக்குத் தெரியுமா?"

நான் லூர்துக்குப் போனது அம்மா இறந்து ஏழு வருடம் கழித்து. அம்மாவுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை.

"தெரியும் அத்தை" என்றேன். "டிவிக்கு மேல மாட்டியிருக்கீங்கள்ல, அந்தப் போட்டோவை வெச்சே கண்டுபிடிச்சிருச்சு. கொடை இல்ல, வண்டின்னு. அத்தைகிட்டக் கேட்றாதன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குச்சு."

"எப்ப?"

"நீங்க வந்த மறுமாசமே."

அவர் மனத்துக்குள் கணக்குப் போடுவதைப் பார்த்தேன். மறுமாதத்திலிருந்து நான்கு வருடம். ஞாயிறுதோறும். ஒரு கால் ஆட்டோ படியிலும் ஒரு கால் தெருவிலுமாக நின்றார். ஓட்டுநர், "அம்மா, ஏறுறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் ஏறினார்.

அடுத்து நான் ஊருக்கு வந்தபோது புகைப்படம் சுவரில் இல்லை. அவர் பேச்சு குறைந்துபோனதாக அப்பா சொன்னார். எங்கள் தெரு பிரிட்டோ வீட்டுப் பிள்ளை கனடாவுக்குப் படிக்கக் கிளம்பி ஆசி வாங்க வந்தபோது, அத்தை அவள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியிருக்கிறார். தெரு அதை ஒரு வாரம் பேசியதாம்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவின் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, சம்பங்கி மாலை போட்டிருந்தோம். பிற்பகலில் அத்தை ஆட்டோவில் வந்தார். நாற்காலி கொண்டுவரச் சொல்லி அம்மாவின் தலைமாட்டில் போடச் சொன்னார். உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார்.

"நீ செத்த அந்தப் பக்கம் போ பாப்பா."

போனேன். பத்துக் கல்லறை தள்ளி நின்று மெழுகுவர்த்திப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் குனிந்து கல்லறையின் விளிம்பில் கையை வைத்திருந்தார். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. செபம் இல்லை, செபம் சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். இப்போது திறந்திருந்தன. ஏதோ கேட்டுவிட்டு நிறுத்தினார். பதிலுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார். மறுபடியும் கேட்டார்.

அவர் கேட்டதற்கு அம்மாவிடம் பதில் கிடையாது. கடைசிவரை தன் மதினி எண்பது படி ஏறினார் என்று நம்பியே அவள் செத்துப்போனாள். அதைச் சொல்ல உயிரோடு இருந்த ஒரே ஆள் நான். பத்துக் கல்லறை தூரம். நடந்தால் ஒரு நிமிடம் ஆகாது. "அம்மாவுக்குத் தெரியாது அத்தை, நான் பொய் சொன்னேன்" என்று சொன்னால் அந்தக் கை கல்லிலிருந்து எழுந்துவிடும்.

ஒரு மணி நேரம் இருந்தார். நான் மெழுகுவர்த்திகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். காற்றில் அணைந்தவற்றை மறுபடியும் ஏற்றினேன். பிறகு அவரே கையை உயர்த்திக் கூப்பிட்டார். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். அவர் நெஞ்சிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஆட்டோ வரை மெதுவாக நடத்திக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தவக்காலத்தில் இறந்தார். அம்மாவுக்கு அடுத்த வரிசையில் இடம் கிடைத்தது. ஏழு நாள் ஜெபமாலையை நான் முன்னின்று சொன்னேன்.